ஒரு வாளி உமி

கண்டாவளையில் வாய்க்காலை ஒட்டிப் போகும் அந்த ஒழுங்கையில் எட்டு வீடுகள் இருந்தன. எட்டு வீட்டுக்கும் சேர்த்து உழவு மிசின் மூன்று, மோட்டார் சைக்கிள் ஐந்து. நாய்கள் எத்தனை என்று அந்த நாய்களுக்கே தெரியாது. பசு மட்டும் ஒன்றே ஒன்று. அது கஜனி வீட்டுச் சுட்டி.

சிவந்த உடம்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி. அதனால்தான் அந்தப் பெயர். யார் கூப்பிட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு போகும். யார் எதை நீட்டினாலும் மறுக்காமல் தின்னும். அந்த நல்ல குணம்தான் அதற்கு வினையாக வந்து முடிந்தது.

பட்டிப்பொங்கல் அன்று ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பொங்கினார்கள். ஏரம்பு அப்பு தன் உழவு மிசினைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, மாலையும் போட்டார். ஆனால் மிசினுக்குப் பொங்கல் ஊட்ட முடியுமா? பட்டிப்பொங்கலும் அதுவுமாக மாட்டுக்கு ஒரு கை கொடுக்காமல் தாங்கள் சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் பின்னேரம் ஒழுங்கை முழுவதும் சட்டியும் வாழையிலையுமாகக் கஜனி வீட்டுப் படலை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"இந்தா சுட்டி, ஒரு வாய் வாங்கு" என்றார்கள் எல்லோரும்.

சுட்டியும் ஒருவரையும் மனம் நோக விடவில்லை.

அடுத்த நாள் காலை கஜனி எழும்பியபோது சுட்டியின் கன்று கத்திக்கொண்டிருந்தது. பசியில் கத்தும் கத்தல். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் கஜனி சற்றுக் கூடவே தூங்கிவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள்.

சுட்டி படுத்துக் கிடந்தது. கன்று இவ்வளவு கத்தியும் தலையைக் கூடத் திருப்பவில்லை. இடது பக்கத்து வயிறு வீங்கி மேலே எழும்பி நின்றது. கண்கள் உள்ளே போயிருந்தன. பின்பக்கம் எல்லாம் சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கழிந்திருந்தது.

"சுட்டி! எழும்பு சுட்டி!"

சுட்டி எழும்பப் பார்த்தது. முன்னங்கால்களை ஊன்றியது. முடியாமல் மறுபடியும் பொத்தென்று விழுந்தது.

"அப்பா! ஓடி வாங்கோ!"

அப்பா செந்தூரன் ஓடி வந்தார். அம்மா கௌசலாவும் ஓடி வந்தாள். சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரம்பு அப்புவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது கண்ணூறு" என்றார் ஏரம்பு அப்பு, வந்த கையோடு. "நேற்று முழு ஒழுங்கையும் வந்து பார்த்தது. 'என்ன வடிவான மாடு, என்ன வடிவான மாடு' எண்டு ஒவ்வொருத்தரும் சொன்னவை."

"நீங்களும்தான் சொன்னனீங்கள், அப்பு" என்றாள் கஜனி.

"நான் சொன்னது நல்ல மனசோட!"

அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துவந்து சுட்டியைச் சுற்றி, ஒரு சட்டித் தணலில் போட்டாள். மிளகாய் வெடித்தது. அப்பா தும்மினார், அப்பு தும்மினார், கன்றும் தும்மியது. சுட்டி மட்டும் அசையாமல் கிடந்தது.

"ஒண்டும் தின்னாமல் களைச்சுப் போச்சுது, பாவம்" என்றாள் அம்மா. "நல்லாக் குழைய ஒரு கஞ்சி காய்ச்சி ஊத்துவம். தெம்பு வரும்."

அம்மா குசினிக்குப் போனாள். கஜனி சுட்டியின் பக்கத்தில் குந்தி அதன் கழுத்தைத் தடவினாள். சுட்டி ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு நேராகக் கஜனியின் முகத்தில் வந்து அடித்தது.

புளிப்பு மணம். பழைய மா புளித்த மாதிரி ஒரு மணம். இந்த மணத்தை எங்கே மணந்தோம்?

கஜனிக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன வருடம் நெல் அரிவி வெட்டு நேரம் அப்பாவும் இப்படித்தான் புளித்த ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடாமல் வயலில் நிற்பார். இடுப்பில் வந்த நாரி நோவுக்குக் கடையில் குளிசை வாங்கி வாங்கிப் போடுவார். வயிறு எரிகிறது என்றதும் அம்மா புளியும் மிளகும் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். ரசம் குடிக்கக் குடிக்க எரிவு கூடியது. அன்பான அம்மா இன்னும் ஒரு கோப்பை கொடுத்தாள். கடைசியில் அப்பா இரத்தமாக வாந்தி எடுத்து ஆசுபத்திரியில் படுத்தார்.

"வயித்துக்குள்ள ஒரு மெல்லிய தோல் இருக்கு" என்று அங்கே டொக்டர் சொன்னதைக் கஜனி கட்டில் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். "குளிசையும் பட்டினியும் அந்தத் தோலைப் பலமில்லாமல் ஆக்கிப்போட்டுது. பிறகு வயித்துப் புளிப்பு அதை அரிச்சுப் புண்ணாக்கிப்போட்டுது. புண்ணுக்கு மேல புளியை ஊத்தினால் என்ன நடக்கும்?"

அம்மா கஞ்சிப் பானையோடு வந்தாள். ஆவி பறந்தது.

"அம்மா, குடுக்காதேங்கோ!" கஜனி எழும்பிக் குறுக்கே நின்றாள்.

"தள்ளடி. அது பசியில கிடக்குது."

"சுட்டியின்ர மூச்சை மணந்து பாருங்கோ. அப்பான்ர ஏப்பம் மாதிரிப் புளிக்குது. நேற்றுத் திண்ட பொங்கல்தான் வயித்துக்குள்ள புளிச்சுப் போச்சுது. அதுக்கு மேல கஞ்சியும் ஊத்தினால், அப்பாவுக்கு ரசம் குடுத்த கதையாப் போகும்!"

ரசம் என்றதும் அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா குனிந்து சுட்டியின் வாயருகில் மூக்கை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"பிள்ளை சொல்லுறது சரி" என்றார். "இந்த மணத்தை நான் மறக்கமாட்டன்."

அவர் கைபேசியில் மிருக வைத்தியரை அழைத்தார். நிறஞ்சனா டொக்டரின் குரலோடு சேர்ந்து எங்கோ ஒரு மாடு கத்துவதும் கேட்டது.

"நான் தருமபுரத்தில நிக்கிறன். இஞ்ச ஒரு மாடு கன்று போடேலாமல் கிடக்குது. உங்கட மாடு என்ன திண்டது?"

"பொங்கல்தான், டொக்டர். ஆளுக்கு ஒரு கை குடுத்தவை."

"ஒவ்வொரு வருசமும் இதே கதைதான். ஒரு கை திண்டு ஒரு மாடும் விழுந்ததில்லை. மாட்டின்ர வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் செய்த வயிறு. சோறும் சக்கரையும் கூடிப்போனால் உள்ளுக்க எல்லாம் புளிச்சு, வயித்தின்ர உள்தோல் வெந்துபோகும். எவ்வளவு திண்டது எண்டு எனக்குச் சரியா வேணும்."

"ஏன் டொக்டர்?"

"மாடு தண்ணி குடிக்கிற ஒரு வாளிக்குள்ள எண்டால் அப்பச்சோடாவைக் கரைச்சுக் குடுத்திட்டு இருக்கலாம். நான் பின்னேரம் வருவன். வாளிக்கு மேல எண்டால் அது காணாது. வயித்தைக் கழுவவேணும், சேலைன் ஏத்தவேணும். சாமானுக்கு இப்பவே கிளிநொச்சிக்கு ஆள் அனுப்பவேணும். கேட்டுப்போட்டு உடன சொல்லுங்கோ. அதுவரைக்கும் கஞ்சி, சோறு ஒண்டும் வேண்டாம்."

அப்பா ஒழுங்கையில் இறங்கி, "நேற்று எவ்வளவு குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். வேலிக்கு வேலி ஒரே பதில்தான் வந்தது.

"ஒரு கைதான், தம்பி."

"சும்மா ஒரு வாய்."

"நான் விரலால தொட்டுத்தான் வைச்சனான்."

வாயால் சொல்லும்போது எல்லோருக்கும் கை சின்னதாகிவிடும் போலிருக்கிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். கொட்டில் தூணில் சாய்ந்து நின்றார். "இனி என்ன செய்யிறது?" என்று தனக்குத்தானே கேட்டார். அவர் அப்படி நின்றதைப் பார்க்கக் கஜனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுட்டி செத்துப்போகும். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கச் செத்துப்போகும்.

கொட்டில் மூலையில் ஒரு சாக்கு உமி இருந்தது. மழை நாளில் சுட்டிக்குக் கீழே பரப்புவதற்காக அப்பா ஆலையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. கஜனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். ஒரு பையில் உமியை நிரப்பிச் சைக்கிள் கரியரில் கட்டினாள். சுட்டி தண்ணீர் குடிக்கும் பெரிய வாளியைக் கைபிடியில் மாட்டினாள்.

முதலில் இராசேஸ்வரி மாமி வீடு.

"மாமி, நேற்று எவ்வளவு குடுத்தனீங்களோ, அவ்வளவு உமியை இந்த வாளிக்குள்ள போடுங்கோ. மருந்து அளக்கிறதுக்கு. ஆரிலயும் பிழை சொல்லேல்லை, மாமி."

மாமி ஒரு கை உமியை அள்ளிப் போட்டாள். பக்கத்தில் நின்ற மகன் தர்சன் வாயைப் பிளந்தான்.

"அம்மா, நாங்கள் தாச்சிச் சட்டியோடயல்லோ கொண்டு போனனாங்கள்!"

"நீ பேசாமல் இரடா."

"வழிச்சு வழிச்சுக் குடுத்தனீங்கள். நான் பார்த்தனான்."

மாமி மகனை முறைத்தாள். பிறகு கஜனியின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். உள்ளே போய்த் தாச்சியை எடுத்து வந்து, அதால் அளந்து உமியைக் கொட்டினாள்.

சிவனேஸ்வரி அன்ரி ஒளிக்கவில்லை. கேட்டதுமே அழத் தொடங்கிவிட்டாள். "சக்கரை கூடப் போட்டுப் பொங்கினனான், பிள்ளை. அது ஆசையாத் திண்டது. ரெண்டாந்தரமும் போய்க் குடுத்தனான்" என்று சொல்லி இரண்டு தரம் போட்டாள்.

மற்ற வீடுகளிலும் முதலில் ஒரு கைதான் விழுந்தது. கஜனி பேசாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் நிற்க நிற்க இன்னொரு கை விழும், பிறகு இன்னொன்று.

கடைசியாக ஏரம்பு அப்பு.

"நான் ஒரு வாழைப்பழம்தான் குடுத்தனான்" என்றார் அப்பு.

கஜனி நின்றாள்.

"சரி, ஒரு வாய் பொங்கலும்."

கஜனி இன்னும் நின்றாள்.

அப்பு தலையைச் சொறிந்தார். "மிசினுக்குப் படைச்சது ஒரு வாழையிலை நிறையக் கிடந்தது, பிள்ளை. மிசின் தின்னாதுதானே? அதையும் கொண்டு போய் வைச்சனான்." ஒரு வாழையிலைக்குக் காணும் உமியை அவரே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

கஜனி சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுப் படலைக்கு வந்தாள். பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். அப்பா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். விளிம்புக்கு நாலு விரல் இருந்தது.

"வாளிக்குள்ளதான்" என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வந்தது. "அப்பச்சோடா குடுத்தால் காணும். டொக்டரைப் பின்னேரம் வரச் சொல்லுவம்."

எல்லோருக்கும் முகம் தெளிந்தது. கஜனி மட்டும் வாளியின் பிடியை விடாமல் நின்றாள்.

நேற்று எல்லோரும் போன பிறகு அவளும் சுட்டியும் மட்டும்தான் கொட்டிலில் நின்றார்கள். சுட்டி அவள் கையை நக்கியது. ஊருக்கெல்லாம் ஊட்ட விட்டுவிட்டுச் சொந்தக்காரி மட்டும் ஒரு கையோடு நிற்பதா என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுப் பானையில் மிஞ்சியிருந்த பொங்கலை முழுவதும் சுரண்டி எடுத்துவந்து வைத்தாள். "மிச்சப் பொங்கல் எங்கயடி?" என்று அம்மா கேட்டபோது, "கோழிக்குப் போட்டனான்" என்றாள்.

அது யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் இனியும் தெரியாது.

கொட்டிலில் சுட்டி முனகியது. அப்பா கைபேசியைக் காதில் வைத்தார்.

"அப்பா, நில்லுங்கோ. இன்னும் ஒராள் போடேல்லை."

கஜனி குசினிக்குப் பின்னால் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பொங்கல் பானையை எடுத்து வந்தாள். அதில் பாதிக்கு உமியை நிரப்பினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, வாளிக்குள் கவிழ்த்தாள். வாளி நிரம்பியது. மேலே குவிந்தது. சுற்றிவர வழிந்து நிலத்தில் கொட்டியது.

"அது ஆரின்ரை?" என்று கேட்டார் ஏரம்பு அப்பு.

"என்ர."

"கோழிக்கெண்டல்லோ சொன்னனீ?" என்றாள் அம்மா.

கஜனி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரையும் விடக் கூடக் கொடுத்தது அவள்தான். சுட்டி செத்தால் அவளால்தான் சாகப்போகிறது.

அப்பா அவளைத் திட்டவில்லை. கைபேசியில் மட்டும் பேசினார். "வாளிக்கு மேல, டொக்டர். வழியுது."

மத்தியானம் நெருங்கும்போது நிறஞ்சனா டொக்டரின் மோட்டார் சைக்கிள் வந்தது. வழியில் வெள்ளம், அவர் முழங்கால் வரைக்கும் சேறு. கிளிநொச்சியிலிருந்து சாமானும் வந்து சேர்ந்தது. டொக்டர் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து சுட்டியை நிமிர்த்தி வைத்துப் பிடிக்க, வாய்க்குள்ளால் நீளமான குழாயை விட்டார். தண்ணீரை ஊற்றி ஊற்றி வெளியே எடுத்தார். வந்த தண்ணீரின் புளித்த நாற்றத்தில் ஏரம்பு அப்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்" என்றார்.

பிறகு குழாய் வழியாகவே அப்பச்சோடாக் கரைசல் போனது. சேலைன் போத்தல் கொட்டில் கூரை வளையில் தொங்கியது. ஒரு துளி, ஒரு துளியாக இறங்கியது.

"பிழைக்குமோ, டொக்டர்?" என்று கஜனி கேட்டாள்.

டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை.

"தெரியாது, பிள்ளை. உள்தோல் எவ்வளவு வெந்திருக்கெண்டு வெளியில இருந்து பாக்கேலாது. அசை போடத் தொடங்கினால் நம்பலாம்."

"போடாட்டி?"

டொக்டர் வாளியையும் வழிந்து கிடந்த உமியையும் பார்த்தார். "வாளிக்குள்ள எண்டு சொல்லியிருந்தால் நான் இப்பதான் தருமபுரத்தில இருந்து வெளிக்கிட்டிருப்பன்" என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் ஆகிவிட்டது. தூறல் தொடங்கியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சிவனேஸ்வரி அன்ரி பால்மா கரைத்துப் போத்தலில் கொண்டுவந்து கன்றுக்குப் பருக்கினாள். தர்சன் கஜனிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

கொட்டில் நிலம் ஈரமாகிச் சுட்டி நடுங்கியது. கஜனி வாளியை இழுத்து வந்து, எல்லோரும் அளந்து போட்ட உமியைச் சுட்டிக்குக் கீழே தள்ளிப் பரப்பினாள். இராசேஸ்வரி மாமியும் குனிந்து கையால் பரப்பிவிட்டாள். காய்ந்த உமியில் சுட்டியின் நடுக்கம் மெல்லக் குறைந்தது.

ஆனால் வாய் அசையவில்லை.

கஜனி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியது. சாப்பிட வா என்று அம்மா கூப்பிடவில்லை. தானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்டைக்கு நானும் அன்பாத்தான் ரசம் குடுத்தனான், அப்பாவும் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்று மெதுவாகச் சொல்லி, மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கஜனிக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை அது அவ்வளவாக வலிக்கவில்லை.

அப்போது சுட்டியின் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது.

"அப்பா!" என்றாள் கஜனி.

கீழ்த்தாடை ஒரு பக்கம் போனது. நின்றது. பிறகு மறு பக்கம் போனது. மறுபடியும் இந்தப் பக்கம். சுட்டி அசை போட்டது. ஏதோ நினைவு வந்தவர்கள் போல எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். டொக்டர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

சுட்டி உடனே பழைய சுட்டி ஆகிவிடவில்லை. அடுத்த நாள் காலையில்தான் எழும்பியது. நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பால் ஒரு சொட்டும் இல்லை. உள்ளே புண் ஆற இன்னும் நாள் எடுக்கும், வைக்கோலும் புல்லும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் கன்று வந்து முட்டியபோது சுட்டி திரும்பி அதை நக்கியது.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஏரம்பு அப்பு கை நிறையப் புல்லோடு வந்தார். நேராகச் சுட்டியிடம் போகவில்லை. கஜனிக்கு முன்னால் வந்து நின்று புல்லை நீட்டினார்.

"பிள்ளை, இதை முதல்ல நீ அளந்து பார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு என்ர படலைக்கு வராதை."

கஜனி சிரித்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. புல்லில் பாதியைப் பிரித்து எடுத்தாள். மீதியை அப்புவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இது காணும், அப்பு. அதைப் பின்னேரம் கொண்டு வாங்கோ."